தவமணியின் அட்டையில் நான் எழுதிய வரி

சாப்பாட்டைப் பற்றி விளக்குவதற்கென்று உங்களுக்கும் ஒரு வர்ணப்படம் கொடுத்திருப்பார்கள். ஒரு பக்கம் மீன், முட்டை, இறைச்சி, பால். மறுபக்கம் கீரை, பருப்பு, பழங்கள். அப்படி ஒரு படத்தை நானும் எங்கள் தோட்டத்து மருந்தகச் சுவரில் இருபத்தாறு வருடம் மாட்டி வைத்திருந்தேன். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போய், இறங்கி இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல், மேலே நடக்க வேண்டிய தோட்டம். வெல்பெயார் மிஸ் என்று என்னைக் கூப்பிடுவார்கள். கர்ப்பிணிகளைக் கவனிப்பது, பிள்ளைகளை நிறுப்பது, தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்பது, இவைதான் என் வேலை. பள்ளியில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தேன். அதற்குமேல் எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த வேலையில் படித்தது.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்கள் முன்னால் வந்து பேசும்படி கேட்டார்கள். கூட்டத்தில் எனக்குப் பேச வராது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். சைவச் சாப்பாடு உடம்புக்கு நல்லதா, கெட்டதா என்று தாய்மார் உங்களிடம் கட்டாயம் கேட்பார்கள். நானும் ஒரு காலத்தில் அதற்கு யோசிக்காமல் பதில் சொன்னேன். அந்தப் பதிலால் ஒரு பெண்ணின் உயிரே போகப் பார்த்தது. அதைச் சொல்கிறேன்.

அவள் பெயர் தவமணி. தேயிலைக் கொழுந்து எடுப்பவள். எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவில், கோயிலுக்குப் பின்னால் உள்ள லயத்தில் புருஷனோடும் மாமியாரோடும் இருந்தாள். அவளுடைய முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்து போனது. அதன் பிறகு அவளும் புருஷனும் மாரியம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்தார்கள். அடுத்த பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, அதற்குக் கோயிலில் மொட்டை போடும் வரை கவுச்சி வாயில் படாது என்பதுதான் அது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் தோட்டம் முழுக்க சில நாள் சைவமாக இருப்பது வழக்கம். இவர்களுடையது அப்படியல்ல. வருடக்கணக்கில் போகக்கூடிய நேர்த்தி. மீன் இல்லை, முட்டை இல்லை, சம்பலுக்கு இடிக்கும் மாசிக் கருவாடுகூட இல்லை. மாமியார் தன் புருஷன் செத்ததிலிருந்தே பன்னிரண்டு வருடமாகச் சைவம். ஆகவே அந்த ஒற்றை அறைக் காம்பராவில் கவுச்சிச் சட்டியே இல்லாமல் போய்விட்டது.

தவமணி மறுபடி கர்ப்பமானாள். ஐந்தாம் மாதத்தில் இரத்தம் சோதித்தபோது ஹீமோகுளோபின் எட்டரை இருந்தது. பதினொன்று இருக்க வேண்டும். இரும்புச்சத்துக் குளிசை கொடுத்து அனுப்பினோம். அடுத்த மாதம் அது கூடியிருக்க வேண்டும். ஏழரைக்கு இறங்கியிருந்தது.

அவளுடைய கிளினிக் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. சைவம் சாப்பிடுகிறாள், அதனால் இரத்தம் இல்லை என்று தீர்மானித்துவிட்டேன். வாங்குப் பலகையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னாலேயே தொடங்கினேன்.

"ரத்தம் ஏழரை. இப்பிடியே போனா புள்ள பெறும்போது ஒடம்பு தாங்குமா? முட்ட சாப்புடு. நெத்தலி சாப்புடு. ஈரல் கெடச்சா அதையும் சாப்புடு."

தவமணி தலையைக் குனிந்துகொண்டாள். பின்னால் நின்ற மாமியார்தான் பேசினார்.

"நேர்த்தி வச்சிருக்கோம் மிஸ். ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். வயித்துப் புள்ளய பட்டினி போடச் சொல்லி சாமியா கேட்டுச்சு?"

"பட்டினியா? எங்க வீட்டுல யாரு பட்டினி கெடக்குறா? நீங்க கவுச்சி திங்கிறவங்க. அது இல்லாட்டி ஒங்களுக்குச் சோறு எறங்காது. அதுக்காக எங்களையும் பந்திக்கு இழுக்குறீங்களா?"

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதில் ஒருத்தி, "பெரியம்மா சொல்றது மெய்தான். மிஸ் வீட்டுல கருவாடு பொரிச்சா ஆபீஸ் வரைக்கும் வாசம் வருதே" என்றாள். சிரிப்பு இன்னும் கூடியது.

கூச்சமுள்ளவர்கள் பலர் முன்னால் அவமானப்பட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். வாயடைத்துப் போவார்கள், அல்லது தேவைக்கு மேல் சத்தம் போடுவார்கள். நான் சத்தம் போட்டேன்.

"புள்ள முக்கியமா, நேர்த்தி முக்கியமா? ஒரு புள்ளயக் குடுத்தது போதாதா?"

சிரிப்பு நின்றுவிட்டது. தவமணி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அழவில்லை. முகம் மட்டும் கல்லாகிவிட்டது. நான் அதையும் பிடிவாதம் என்றே எடுத்துக்கொண்டேன். அவளுடைய கிளினிக் அட்டையில் சிவப்புப் பேனாவால், "உணவு ஆலோசனையை ஏற்க மறுக்கிறார்" என்று எழுதினேன். ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்கும் விளங்க வேண்டுமென்று அதற்குக் கீழே சிங்களத்திலும் எழுதினேன்.

அதற்குப் பிறகு அவள் கிளினிக்குக்கு வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. நான் மலைக்குத் தேடிப் போனால், "அவ இன்னிக்கு வேற மலையில நிக்கிறா மிஸ்" என்பார்கள். லயத்துக்குப் போனால் கதவு சாத்தியிருக்கும். ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது. முதல் பிள்ளை போன மாதம் அது. எனக்குச் சோறு இறங்கவில்லை என்பது உண்மை. ஆனால் அப்போதும் அவள்மேல் கோபமாகத்தான் இருந்தேன். சொன்னதைக் கேட்காமல் ஒருத்தி தன் உயிரையும் பிள்ளையின் உயிரையும் பணயம் வைக்கிறாளே என்ற கோபம்.

அந்த நேரத்தில் எங்கள் பகுதிக்குப் புதிதாக, பிரசவம் பார்க்கும் ஒரு மருத்துவமாது வந்திருந்தார். சிங்களப் பிள்ளை, வயதில் என் மகளை விடச் சின்னவர். வேலைக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. தமிழை ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிப் பேசுவார். அவரிடம் தவமணியின் கதையைச் சொன்னேன். பாதி முறைப்பாடு, பாதி புலம்பல். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"அக்கா, எங்கட ஊர்லயும் மஸ் மாளு, இறைச்சி மீன் சாப்பிடாத ஆக்கள் இருக்கு. எங்கட அம்மாவும் சாப்பிடுறது இல்ல. ஆனா அவங்களுக்கு ரத்தம் இருக்கு. இந்தப் பிள்ள என்ன சாப்பிடுறது?"

"கீர, பருப்பு... அந்த மாதிரிதான் இருக்கும்."

"இருக்குமா, பாத்தீங்களா?"

அவர் விடவில்லை.

"என்ன குடிக்கிறது? குளிச எப்ப போடுறது?"

குளிசை கொடுத்த நாளும் எண்ணிக்கையும் என் புத்தகத்தில் இருந்தன. அவள் அதை எப்படி விழுங்குகிறாள் என்று நான் கேட்டதே இல்லை.

"நான் போனா பேச மாட்டாங்க. நான் புது ஆள், பாஷையும் சரியில்ல. நீங்க போங்க அக்கா. ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா இருந்து பாருங்க" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். முன் திண்ணையான இஸ்தோப்பில் மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

"நான் ஒண்ணும் சொல்ல வரல்ல பெரியம்மா. கொஞ்ச நேரம் இங்க ஒக்காந்துட்டுப் போறேன்."

"ஒக்காருங்க. முட்டய எங்க ஒளிச்சு வச்சிருக்கோம்னு பாக்க வந்தீங்களோ?"

உட்கார்ந்தேன். அடுப்படி இஸ்தோப்பிலிருந்தே தெரியும். நான் எதிர்பார்த்துப் போனது வெறும் ரொட்டியும் உப்புச் சம்பலும். அங்கே இராத்திரி ஊறப்போட்ட கடலை வெந்துகொண்டிருந்தது. லயத்துக்குப் பின்னால் பாத்தி கட்டி வளர்த்த கீரை ஒரு சுளகு நிறைய இருந்தது. பருப்பில் பூண்டு தட்டிப் போட்டிருந்தார்கள். என் வீட்டில் ஒரு கிழமை முழுக்க வேகும் கீரை அங்கே ஒரு காலையில் வெந்தது. பேச்சுவாக்கில் தெரிந்ததைச் சொல்கிறேன். நேர்த்திக்குப் பிறகு பொரியலும் கடை மிக்சரும் அந்த வீட்டில் குறைந்துவிட்டன. தவமணியின் புருஷன் குடியையும் விட்டிருந்தான்.

"சாமிக்கு நேந்தது கவுச்சிய மட்டுந்தான் மிஸ்" என்றாள் தவமணி. வெகுநாளைக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. "போத்தலு தானா வந்து அதுல சேந்துக்கிருச்சு."

மாமியாருக்கு அறுபது தாண்டியிருந்தது. அந்த வயதில் எங்கள் தோட்டத்தில் பாதிப் பேருக்கு இரத்த அழுத்தக் குளிசையும் சீனி வியாதிக் குளிசையும் இருந்தன. அவருக்கு இரண்டும் இல்லை.

அப்போது அடுப்பிலிருந்து ஒரு சின்னக் கங்கு உருண்டு விழுந்தது. எழுந்து போன மாமியார் வெறுங்காலால் அதன்மேல் மிதித்தார். மிதித்தவர் காலை எடுக்கவில்லை. "மாமி, காலு!" என்று தவமணி கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தார்.

"இது மரத்துப் போன காலு. இந்தக் குளிருக்கு அப்பிடித்தான்" என்று தட்டிவிட்டார். நான் மனதில் குறித்துக்கொண்டேன். ஆனால் என் கவனம் தவமணியின் மேல் இருந்தது.

அவள் சாப்பிட்டு முடித்தாள். ஒரு பெரிய கோப்பையில் இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணியை எடுத்தாள். பால் இல்லை. கறுத்த சாயம். அலுமாரிக்கு மேலிருந்து குளிசை உறையை எடுத்து, ஒன்றை வாயில் போட்டு, அந்தத் தேத்தண்ணியாலேயே விழுங்கினாள். மீதியை ஊதி ஊதிக் குடித்தாள்.

"ஏன் தேத்தண்ணியில போடுற?"

"இல்லாட்டி வயித்தப் பொரட்டும் மிஸ். இப்பிடி போட்டா ஒண்ணும் செய்யாது."

"ஒரு நாளும் விடாம போடுறியா?"

"ஒரு நாளும் விடல்ல. கிளினிக்குக்கு வராட்டியும் தங்கச்சிகிட்டச் சொல்லி குளுச எடுத்துக்கிட்டேன்."

"தேத்தண்ணியில போடச் சொல்லி யாரு சொல்லிக் குடுத்தா?"

நான் விளையாடுகிறேனோ என்பதுபோல் அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்கதான் மிஸ்."

ஞாபகம் வந்தது. சில வருடங்களுக்கு முன் பெண்கள் அந்தக் குளிசையை விழுங்க மாட்டார்கள். வயிற்றைப் புரட்டுகிறது, வெளிக்குக் கறுப்பாகப் போகிறது என்று லயத்துக்குப் பின்னால் உள்ள வடிகால் கானில் வீசிவிடுவார்கள். கானில் சிவப்புக் குளிசைகள் கிடப்பதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். எப்படியாவது விழுங்க வைக்க வேண்டுமென்று, சாப்பிட்டவுடன் இஞ்சித் தேத்தண்ணியில் போடுங்கள், புரட்டாது என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன். கேட்டார்கள். கானில் குளிசைகள் இல்லாமல் போயின. அதை என் வேலையின் ஒரு வெற்றியாகப் பெருமையோடு பிறரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

தேத்தண்ணியின் சாயம் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். உடம்பில் சேரவிடாது. குளிசையையும் அப்படித்தான், கீரை, பருப்பில் உள்ளதையும் அப்படித்தான். மீன், இறைச்சியில் உள்ள இரும்பை உடம்பு ஓரளவு இலேசாக எடுத்துக்கொள்ளும். மரக்கறியில் உள்ளதை எடுப்பது கடினம். ஆகவே சைவம் சாப்பிடுகிறவளுக்குத் தேத்தண்ணி செய்யும் கெடுதல், என்னைப் போல் கருவாடு தின்கிறவளுக்குச் செய்வதை விட அதிகம். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் தேயிலைக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவளுக்குத் தேத்தண்ணியும் ஒரு சாப்பாட்டுப் பொருள் என்று தோன்றவே இல்லை. தண்ணீர் குடிப்பதைப் போல அது.

தவமணி சொன்னதைக் கேட்காதவள் அல்ல. நான் சொன்னதை ஒரு நாள் விடாமல் செய்தவள்.

அப்போது எனக்கு இரண்டு வேலை இருந்தது. ஒன்று, அவளை உடனே ஆஸ்பத்திரியில் சேர்ப்பது. ஏழாம் மாதத்தில் குளிசையை மட்டும் நம்பிக் காத்திருக்க முடியாது. மற்றது, பிழை என்னுடையது என்று சொல்வது. இரண்டாவதைத் தள்ளிப் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போ, அங்கே ஊசி மூலம் இரும்பு ஏற்றுவார்கள் என்று மட்டும் சொன்னேன்.

"போக மாட்டேன் மிஸ்."

"ஏன்?"

அவள் தலையணைக்குக் கீழிருந்து கிளினிக் அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள். சிவப்பு மையில் என் எழுத்து.

"எனக்கு வாசிக்கத் தெரியும் மிஸ். ஒம்பது வரைக்கும் படிச்சேன். அங்க உள்ளவங்க மொதல்ல இதத்தான் பாப்பாங்க. சொல்லுப் பேச்சு கேக்காதவன்னு ஏசுவாங்க. முட்டய கொண்டாந்து முன்னால வச்சு, தின்னுன்னு நிப்பாங்க. அங்க தனியா கெடந்து நான் யார்கிட்டச் சொல்ல?"

அவள் என்னிடம் இருந்து ஒளிந்ததற்குக் காரணம் நேர்த்தி அல்ல. அந்த ஒரு வரி.

பேனாவைக் கேட்டேன். மாமியார் எங்கோ தேடி ஒரு நீலப் பேனாவைக் கொடுத்தார். சிவப்பு எழுத்தை ஒரு கோட்டால் வெட்டினேன். முழுவதும் அழிக்கவில்லை, என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். கீழே எழுதினேன்: "மேலே உள்ளது தவறு. குளிசையைத் தேத்தண்ணியுடன் எடுக்கச் சொன்னது நான். இவர் அதன்படி செய்திருக்கிறார். சைவ உணவு மட்டும் உண்பவர். பால் சாப்பிடுவார்." கையெழுத்தும் திகதியும் போட்டேன். அதையும் சிங்களத்தில் எழுதினேன். என் சிங்களத்தில் பிழை இருந்திருக்கும், ஆனால் விளங்கியிருக்கும்.

தவமணி அதை இரண்டு தரம் வாசித்தாள். மாமியாருக்கும் வாசித்துக் காட்டினாள். கிழவி என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் கோப்பையில் இருந்த மீதித் தேத்தண்ணியை எடுத்து வெளியே ஊற்றினார். அவ்வளவுதான்.

அன்று பகலே தோட்டத்து வண்டியில் அவளைக் கூட்டிக்கொண்டு போனோம். ஆறு நாள் வைத்திருந்தார்கள். நரம்பு வழியாக இரும்பு ஏற்றினார்கள், குடல் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். யாரும் முட்டையை நீட்டவில்லை. புருஷன் வீட்டிலிருந்து கடலையும் கீரையும் கொண்டுபோய்க் கொடுத்தான்.

மருத்துவமாதுப் பிள்ளை அந்த அட்டையைப் பார்த்துவிட்டுப் பயந்தார். "அக்கா, இது மேல போனா உங்கட வேலைக்குக் கரச்சல் வரும்" என்றார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனால் அந்த அட்டையை விடப் பெரிய பயம் வேறொன்று. தோட்டம் முழுவதும் கர்ப்பிணிகள் அதே மாதிரித்தான் குளிசை விழுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னால் ஒரு மாதமாகும். ஒரே தரத்தில் சொல்ல வேண்டுமானால் ஒரே இடம்தான் இருந்தது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களம்.

அடுத்த நாள் காலை நூறு பேருக்கு மேல் நின்றார்கள். கங்காணியிடம் ஐந்து நிமிடம் கேட்டேன்.

"ரத்தக் குளுசய தேத்தண்ணியில போடச் சொல்லி நான்தான் சொன்னேன். அது பிழை. அப்பிடி போட்டா குளுச ஒடம்புல சேராது. தண்ணியில போடுங்க. தேசிக்கா புளிஞ்ச தண்ணின்னா இன்னும் நல்லது. தேத்தண்ணிய சாப்பாட்டுக்கும் குளுசைக்கும் ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடிங்க."

பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "தேயில தோட்டத்துல நின்னுக்கிட்டு தேத்தண்ணி குடிக்காதன்னு சொல்றாங்கடி!"

களமே சிரித்தது. கங்காணி, "தொரை காதுல விழுந்தா மிஸ்ஸுக்கு நாளைக்கு வேல இல்ல" என்றார். சிரிப்பு ஓய்ந்ததும் ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு நின்றவள், சிரிக்காமல் கேட்டாள்: "எத்தன வருசமா மிஸ் இப்பிடி பிழையா போட்டோம்?"

"நாலு வருசம்" என்றேன். அவள் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நீங்கள் பாதிப் பாடத்தோடு போவீர்கள். தவமணியின் இரத்த அளவு ஏறத் தொடங்கியதும் நான் மறுபக்கம் சாய்ந்துவிட்டேன். சைவத்தில் ஒரு குறையும் இல்லை, குறையெல்லாம் தேத்தண்ணியில் என்று போகிற இடமெல்லாம் சொன்னேன். அந்தக் கங்கு மிதித்த காலை மறந்தே போனேன். தவமணியை மறு சோதனைக்குக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த மாமியார் படியில் தடுக்கி விழுந்தபோதுதான் நினைவு வந்தது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். யாழ்ப்பாணத்தவர். காலில் ஊசி முனையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், இரத்தம் சோதித்தார். அழுத்தம் நன்றாக இருந்தது, சீனி நன்றாக இருந்தது. இல்லாதது பி12 என்ற விற்றமின். மீன், முட்டை, இறைச்சி, பாலில்தான் அது இருக்கும். கீரையை மலைபோல் தின்றாலும் கிடைக்காது. உடம்பில் உள்ள சேமிப்பு தீரப் பல வருடம் எடுக்கும். தீர்ந்தால் நரம்பு கெடத் தொடங்கும்.

"பால் குடிக்கிறேல்லையோ அம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"மாடு நிக்குது. பாலு வண்டிக்கு ஊத்திருவோம். இவ மாசமானதுல இருந்து இவளுக்கு மட்டும் ஒரு கிளாசு வைப்போம். நமக்கு எதுக்கு?"

ஊசி எழுதினார். கிழவி அதை எடுத்துக்கொள்ளவில்லை.

"அந்த ஊசி சைவமா, அசைவமாங்க?"

டாக்டர் சிரிக்கவில்லை. "அது கிருமியில இருந்து செய்யிறது அம்மா. ஒரு உயிரையும் வெட்டுறேல்ல. பயப்படாமப் போடுங்கோ" என்றார். அதற்குப் பிறகுதான் கிழவி கையை நீட்டினார். காலில் உணர்ச்சி ஓரளவுதான் திரும்பி வந்தது. இரண்டு விரல் கடைசி வரைக்கும் மரத்தே இருந்தன. நான் அந்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டிப் போயிருந்தால் முழுவதும் வந்திருக்குமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

ஆகவே சைவம் நல்லதா, கெட்டதா என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்லாதீர்கள். அந்த ஒரு காம்பராவிலேயே அது ஒருத்தருக்கு அழுத்தமும் சீனியும் வராமல் காத்தது, அவருடைய காலையே மரக்கவும் வைத்தது. எதைச் சாப்பிடவில்லை என்பதை மட்டும் கேட்காதீர்கள். எதைச் சாப்பிடுகிறார்கள், எதோடு, எப்போது, விட்டதற்குப் பதிலாக என்ன வைத்தார்கள் என்று கேளுங்கள். கேட்டாலும் போதாது. போய் உட்கார்ந்து பாருங்கள்.

தவமணிக்கு ஒன்பதாம் மாதக் கடைசியில் வலி வந்தது. அப்போது இரத்தம் பத்துக்கு ஏறியிருந்தது. பெண் பிள்ளை. பிறந்த பிறகு இரத்தப் போக்கு நிற்கவில்லை. இரண்டு மணித்தியாலம் போராடினார்கள் என்று பிறகு சொன்னார்கள். வெளியே அவள் புருஷனோடு நான் நின்றிருந்தேன். கடைசியில் ஒரு தாதி வந்து, இரண்டு பேரும் சுகம் என்றார். ஏழரையோடு வந்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்பதையும் அவர்தான் சொன்னார். சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். பிள்ளை இரண்டு கிலோ நானூறு. தவமணி வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் பிள்ளையைப் பார்த்தபடியே கேட்டாள்:

"மூத்ததுக்கும் அதே மாதிரித்தானே மிஸ் குளுச போட்டேன்?"

இந்தக் கேள்வி வருமென்று எனக்குத் தெரியும். பல நாள் அதற்குப் பதில் தேடியிருந்தேன். சொல்ல வேண்டாம், சொல்லி என்ன ஆகப் போகிறது என்று மருத்துவமாதுப் பிள்ளையும் சொல்லியிருந்தார். டாக்டரிடம் கேட்டிருந்தேன். பிள்ளை அப்படி இறப்பதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம் என்றார். அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்றுகூட நினைத்திருந்தேன்.

"ஆமா" என்றேன். "அப்பவும் நான்தான் சொன்னேன். அதனாலதான் போச்சுன்னு சொல்ல முடியாது. அதனால இல்லன்னும் என்னால சொல்ல முடியாது."

அவள் பிள்ளையை அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

அடுத்த வருடம் பிள்ளைக்கு மொட்டை போட்டார்கள். நேர்த்தி முடிந்தது. புருஷன் மறுநாளே மீன் வாங்கினான். தவமணி மட்டும் சைவத்திலேயே இருந்துவிட்டாள். இப்போது வீட்டுப் பாலில் பாதி வீட்டிலேயே நின்றது. அவளுடைய இரத்த அளவு பதினொன்றுக்குக் கீழே இறங்கவில்லை. என்னைக் கண்டால் பேசுவாள். தேவையானதை மட்டும் பேசுவாள்.

ஒரு கிளினிக் நாள் அவள் பிள்ளையை நிறுக்கக் கொண்டுவந்திருந்தாள். வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் புதிதாகக் கர்ப்பமான ஒரு பெண் இருந்தாள். கல்யாணமாகிக் கீழ்ப் பிரிவுக்கு வந்தவள். ஏதோ நேர்த்தி வைத்திருக்கிறாள் போல. கவுச்சி விடலாமா, விட்டால் பிள்ளைக்குக் கெடுதலா என்று என்னிடம் கேட்க வாயெடுத்தாள். தவமணி என்னை முந்திக்கொண்டாள். குரலைத் தாழ்த்தவில்லை. வாங்கு முழுவதும் கேட்டது.

"நேர்த்திய வையி. பாலு, கடல, கீர விடாம சாப்புடு. குளுசய தேத்தண்ணியில போடாத. மிஸ் முந்தி பிழையா சொல்லிக் குடுத்தாங்க. எனக்கு ஒரு புள்ள போயிருச்சு. இப்ப சரியா சொல்றாங்க. கேட்டுக்க."

புதுப் பெண் திடுக்கிட்டு என் பக்கம் திரும்பினாள். அது மெய்யா என்று அவள் கண் கேட்டது. மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மெய்தான்" என்றேன். தவமணியின் பிள்ளையை வாங்கித் தராசில் வைத்தேன்.